போலீஸ் பாடி கேமராவுக்கு அரசுப் பணம்: நகர சபையில் என்ன கேட்பது

அமெரிக்காவில் உங்கள் நகர சபை போலீசுக்கு பாடி கேமரா (காவலர் சீருடையில் மாட்டிக்கொள்ளும் கேமரா) வாங்கப் போகிறது, மத்திய அரசு மானியம் வருகிறது என்றால், மீதிப் பணம் எங்கிருந்து என்று முதலில் கேளுங்கள். 2014-ல் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் ஒரு போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த டிசம்பரில் ஒபாமா அரசு 50,000 கேமராக்கள் வாங்க உதவும் 7.5 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தபோதே, உள்ளூர் நிர்வாகமும் சரிபாதி போட வேண்டும் என்றுதான் சொன்னது.

அடுத்து ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். பத்திரிகைக் குறிப்பு போதாது. கேமரா விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது சின்னச் செலவு. பதிவுகளைச் சேமித்து வைப்பதுதான் ஆண்டுதோறும் பணத்தை விழுங்கும். நீங்களே கணக்குப் போடலாம்: ஒரு காவலர் நாளுக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் பதிவு செய்கிறார், மணிக்கு 2 ஜிபி என்று வைத்துக்கொள்வோம், 1,200 ஜிபி ஆகிவிடும், 50 காவலர் என்றால் 60,000 ஜிபி, அதுவும் ஒரே ஆண்டில். அப்புறம் யாராவது வீடியோ கேட்டால் சாட்சிகள், குழந்தைகளின் முகத்தை மறைத்துத்தான் தர வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் பட்ஜெட்டில் இல்லையென்றால் கேட்ட வீடியோ மாதக்கணக்கில் வராது. மானியம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும், ஒப்பந்தம் தீராது. அதன் பிறகு யார் கட்டுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விதிமுறைதான். தலைநகர் வாஷிங்டனில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. கேமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே, பலப்பிரயோகத்திலோ புகார்களிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கேமராவை மாட்டிவிட்டால் மட்டும் எதுவும் மாறாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆகவே எப்போது கட்டாயம் ஆன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன தண்டனை, சுட்ட காவலர் அறிக்கை எழுதும் முன்பே வீடியோவைப் பார்க்கலாமா, இறந்தவரின் குடும்பத்துக்கு எத்தனை நாளில் காட்டுவார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதெல்லாம் வாங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும். மத்திய அரசின் நீதித்துறை (Department of Justice) நடத்தும் மானியத் திட்டமே விதிமுறையைப் பரிசீலிக்கிறது, அதனால் அந்த விதிமுறை வரைவு எங்கே என்று கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டாம்.

கூட்டத்தில் பேசச் சில நிமிடம்தான் தருவார்கள். எல்லாவற்றையும் கேட்க முடியாது என்றால் குடும்பத்துக்கு எத்தனை நாளில் காட்டுவார்கள் என்பதை மட்டுமாவது கேளுங்கள், பதில் பதிவேட்டில் ஏறும்வரை உட்காராதீர்கள்.