கடலில் கிடைத்த விமானத் தகட்டுக்கு உரியவரைத் தேடுவது

தொண்டி மீனவர் ஒருவர், வலையில் சிக்கிய அலுமினியத் தகட்டைக் காரைக்குடியில் என்னிடம் தந்தார். உள்ளங்கை அகலம், ஓரத்தில் ரிவெட் வரிசை, உள்பக்கம் பச்சை பெயின்ட். ஆத்தா உடனே புளியோடு வந்துவிட்டார், பித்தளைக் குடம் தேய்ப்பதுபோல. வேண்டவே வேண்டாம், புளி எழுத்தை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் குத்திய எண்கள் நிழலாக எழும்பும்.

பாக எண் விமானத்தின் வகையைத்தான் காட்டும். எந்த விமானம் என்றறிய வரிசை எண் வேண்டும்; இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானமென்றால் பெரும்பாலும் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம். எஞ்சின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், எஞ்சினை மாற்றுவது வழக்கம்.

அடுத்து, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏர் 27 வரிசை. பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவுகளின் அன்றாடப் பதிவுகள் அதில் இருக்கின்றன. விமானி பாராசூட்டில் தப்பியிருக்கலாம், அதையும் பாருங்கள். இந்தப் பக்கத்தில் இறந்து உடல் கிடைக்காத விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம்.

எலும்போ குண்டோ தென்பட்டால் தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

1942இல் பர்மாவிலிருந்து ஐயா நடந்தே வந்து சேரும்வரை அப்பத்தா முகப்பிலேயே உட்கார்ந்திருந்தாராம். இந்த விமானிக்கும் அப்படி ஒருத்தி காத்திருந்திருப்பாள்.