எலிப்புழுக்கையில் அழுத்த ஹார்மோன்: அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுண்டெலியைப் பிடித்து ரத்தம் எடுத்து, பயத்திலும் நெருக்கடியிலும் உடலில் ஏறும் அழுத்த ஹார்மோனை அளந்தால், பல நேரம் கிடைப்பது நம் கையில் சிக்கி அது பட்ட பயத்தின் அளவுதான். பிடித்த 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் ரத்தத்தில் குளுக்கோகார்ட்டிகாய்டு (இந்த அழுத்த ஹார்மோன்களின் பொதுப் பெயர்) ஏறத் தொடங்கிவிடும். இருபது கிராம் எடையுள்ள உயிரிடம் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கவும் முடியாது. அதனால்தான் எலி, அணில், முயல் போன்ற சிறு பாலூட்டிகளின் ஆய்வில் புழுக்கைக்கு இத்தனை மதிப்பு வந்தது. விலங்குக்குத் தொல்லையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் சேகரிக்கலாம், செலவும் குறைவு.

வசதிதான். ஆனால் ஹார்மோனை அளக்கும் எலிசா கருவியில் எதை ஊற்றினாலும் ஏதாவது ஓர் எண் வந்துவிடும். கருவி ஒருபோதும் மறுப்பதில்லை. அந்த எண் எந்த நேரத்தைக் குறிக்கிறது என்று கேட்கத் தவறுவதில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. அதற்கு முன்னால், எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பதையே கேட்காமல் விடுபவர்களும் உண்டு.

மனித ரத்தத்துக்கான சோதனைக் கிட்டை எலிக்கு வாங்குவது

மனித உடலில் முதன்மையான அழுத்த ஹார்மோன் கார்ட்டிசால். சுண்டெலிக்கும் ஆய்வக எலிக்கும் அது கார்ட்டிகோஸ்டீரோன். கார்ட்டிசால் செய்யத் தேவையான நொதி, இந்த ஹார்மோன்களைச் சுரக்கும் அவற்றின் அட்ரீனல் சுரப்பியில் இல்லை. கினிப்பன்றிக்கும் அணில்களுக்கும் கார்ட்டிசால்தான் முதன்மை. பெயரில் எலி இருக்கிறதே என்று நம்பியும் இறங்க முடியாது: முதுகில் முள் போன்ற முடியுள்ள அகோமிஸ் எலிகளில் கார்ட்டிசாலே மேலோங்கியிருக்கிறது. ஆகவே உங்கள் இனத்துக்கு எது என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

சரியான ஹார்மோனைத் தெரிந்துகொண்டு அதற்குரிய கிட்டை வாங்கினாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அப்படியே புழுக்கைக்கு வந்து சேர்வதில்லை. கல்லீரல் அதைச் சிதைக்கிறது. சிதைந்தது பித்தநீரோடு குடலுக்கு இறங்குகிறது. அங்கே பாக்டீரியாக்கள் மேலும் மாற்றுகின்றன. கடைசியில் வெளியே வருவது பல்வேறு சிதைபொருட்களின் கலவை. மூல ஹார்மோன் ஏறக்குறைய இருப்பதே இல்லை. கிட்டில் ஹார்மோனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வது எதிர்ப்பொருள். ரத்தத்துக்கென்று செய்த எதிர்ப்பொருளுக்கு இந்தச் சிதைபொருட்கள் அடையாளம் தெரியாமல் போகலாம். அதைவிட மோசம், ஆண் ஹார்மோனின் சிதைபொருளை இதுதான் என்று தவறாகப் பற்றிக்கொள்வது. அப்போது இனப்பெருக்கக் காலத்து ஆண் எலிகள் எல்லாம் அழுத்தத்தில் தவிப்பதுபோல் வரைபடம் காட்டும்.

இதற்காகத்தான் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரூபர்ட் பால்மே, எரிக் மோஸ்ட்ல் ஆகியோர் சிதைபொருட்களையே பிடிக்கும் எதிர்ப்பொருட்களை உருவாக்கினார்கள். சாடி டூமா, நார்பர்ட் சாக்ஸர் ஆகியோருடன் சேர்ந்து 2003-இல் அவர்கள் சுண்டெலியில் செய்த ஆய்வு இத்துறையில் இறங்குபவர்கள் முதலில் படிக்க வேண்டியது. கதிரியக்கக் குறியிட்ட கார்ட்டிகோஸ்டீரோனைச் செலுத்தி, அது எவ்வழியாக, எப்போது வெளியேறுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஆண் எலிகளில் சுமார் 73 விழுக்காடு மலத்தோடு வெளியேறியது. பெண் எலிகளில் 53 விழுக்காடுதான். மீதி சிறுநீரில். இது தெரியாமல் ஆண், பெண் புழுக்கைகளை அருகருகே வைத்து, ஆணுக்கே அழுத்தம் அதிகம் என்று முடிவு கட்டினால் அது விலங்கின் மனநிலையைப் பற்றிய முடிவாக இருக்காது, குடலைப் பற்றியதாகவே இருக்கும். ஒவ்வொரு பாலினத்தையும் தனித்தனியாக ஒப்பிடுவதே நேர்மையான வழி.

ஆகவே எந்தப் புதிய இனத்துக்கும் முறையைச் சரிபார்க்காமல் தொடங்கக் கூடாது. அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனான ஏசிடிஹெச்சை ஊசியாகப் போட்டால், சில மணி நேரம் கழித்துப் புழுக்கையில் அளவு ஏற வேண்டும். அட்ரீனலை அடக்கும் மருந்தான டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் இறங்க வேண்டும். ஊசியால் வரும் ஏற்றம் இயல்பைவிட மிகப் பெரியது என்பதால், புதிய கூண்டுக்கு மாற்றுவது போன்ற சாதாரண நெருக்கடியையும் எதிர்ப்பொருள் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ஆண், பெண் இரண்டிலும் செய்ய வேண்டும். ஆய்வக எலிக்குச் சரிபார்த்தாயிற்று, வயல் எலிக்கும் பொருந்தும் என்று எழுதுவதெல்லாம் ஒப்புக்குச் சொல்வது.

நேரம்

இந்தியாவில் இந்த முறை யானை, புலி ஆய்வுகளின் வழியாகவே பலருக்கும் அறிமுகம். அழியும் நிலையிலுள்ள விலங்குகளை ஆராயும் ஹைதராபாத்தின் லேகோன்ஸ் ஆய்வகம் அவற்றில் நிறையச் செய்திருக்கிறது. அதனால் யானைச் சாண ஆய்வின் செய்முறையை அப்படியே எலிக்கு எடுத்துப் போடும் ஆசை மாணவர்களுக்கு வருகிறது. யானைக்கு இன்று நடந்த பயம் சாணத்தில் தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். சுண்டெலியின் கணக்கு மணிக்கணக்கு.

மேலே சொன்ன 2003 ஆய்வில், காலை 9 மணிக்குக் குறியிட்ட ஹார்மோனை ஊசியாகப் போட்ட எலிகளின் புழுக்கையில் உச்சம் சுமார் 10 மணி நேரம் கழித்து வந்தது. இரவு 9 மணிக்குப் போட்டவற்றில் சுமார் 4 மணி நேரத்திலேயே வந்துவிட்டது. சுண்டெலி பகலில் தூங்கும், இரவில் ஓடியாடித் தின்னும். குடலும் அதன் பின்னாலேயே ஓடும். சிறுநீரில் உச்சம் 2 மணி நேரத்தில் வந்தது. பெரிய எலியில் மலத்துக்கான தாமதம் ஏறத்தாழ அரை நாள். கணக்குப் போட வேண்டியது உணவு குடலைக் கடக்க எடுக்கும் நேரத்தை.

இந்தக் கணக்கை மறப்பவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஆய்வகத்தில் காலை 10 மணிக்குக் கூண்டை மாற்றிவிட்டு, 11 மணிக்குக் கீழே கிடந்த புழுக்கையை எடுத்துச் சோதித்து, "கூண்டு மாற்றத்தால் பாதிப்பில்லை" என்று எழுதுகிறார் ஒருவர். அவர் அளந்தது முந்தின இரவை. கள ஆய்வில் இதே தவறு தலைகீழாக வரும். மாலை 6 மணிக்கு, எலியை உயிரோடு பிடிக்கும் ஷெர்மன் பொறியைத் திறந்து வைக்கிறோம். எலி 7 மணிக்கே உள்ளே போய்விடுகிறது. நாம் காலை 6 மணிக்கு வந்து பார்க்கிறோம். முதலிரண்டு மணி நேரத்தில் போட்ட புழுக்கைகளில் எலியின் வழக்கமான வாழ்க்கை இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு விழுந்தவற்றில் பொறிக்குள் அடைபட்ட பயம் இறங்கிவிட்டது. இரண்டும் ஒரே தரையில், ஒன்றுபோலவே கிடக்கின்றன. எது எதுவென்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வழி இருக்கிறது, தூக்கம்தான் கெடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பொறிகளைச் சுற்றிப் பார்த்து, எலி எந்தச் சுற்றுக்கும் எந்தச் சுற்றுக்கும் இடையில் சிக்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரே சுற்றுப் போவதே முடியும் என்றால், பயம் சேராத அடிப்படை அளவை எடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நேற்றிரவு பிடிபட்ட எலி இன்றிரவும் பிடிபட்டால், நேற்றைய பயத்தின் மிச்சமும் சேர்ந்து வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பொறி எதுவும் இல்லாமலேயே ஹார்மோனுக்கு நாள் முழுவதும் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு குழுவிடம் காலையிலும் இன்னொன்றிடம் மாலையிலும் சேகரித்தால் ஒப்பீடு வீண்.

முயல்களுக்கு இன்னொரு சிக்கல். திறந்தவெளியில் கிடக்கும் புழுக்கை நேற்றையதா, போன வாரத்தையதா? முந்தின மாலையே அந்த இடத்தைச் சுத்தமாகப் பெருக்கி விட்டு, மறுநாள் காலையில் புதிதாகக் கிடப்பதை மட்டும் எடுக்கலாம். பெருக்காமல், பளபளப்பை வைத்துப் புதியது என்று ஊகிப்பது பனி பெய்த காலைகளில் நன்றாக ஏமாற்றும்.

பொறியின் தரையில்

ஒரு பொறியைத் திறந்து பாருங்கள். மூலையில் கடித்துப் போட்ட பஞ்சு, தேங்காய்த் துண்டின் மிச்சம், அரிசி அளவில் கறுத்த புழுக்கைகள். அவற்றில் பாதி ஈரமாக மின்னும். அந்த ஈரம் சிறுநீர். சிறுநீரிலும் அழுத்த ஹார்மோனின் சிதைபொருட்கள் இருக்கின்றன, அதுவும் வேறொரு நேரத்துக்குரியவை. நனைந்த புழுக்கையைத் துடைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம், ஊறியது ஊறியதுதான். காய்ந்து தனியாகக் கிடப்பதை மட்டும் இடுக்கியால் எடுங்கள். தரையில் கம்பி வலை ஒன்றை விரித்து வைத்தால் சிறுநீர் கீழே இறங்கிவிடும்.

கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக் காய்ச்சல் பரவுகிறது. கையில் ஒரு சின்ன வெட்டுக்காயம் போதும்.

முயலிடம் சேகரிப்பவர் அது போடும் இரண்டு வகை மலத்தையும் பிரித்தறிய வேண்டும். கெட்டியான உருண்டை ஒன்று. மென்மையாக, கொத்தாக வந்து, முயலே மீண்டும் தின்றுவிடுவது இன்னொன்று. இரண்டும் குடலில் வேறு வேறு பாதையில் வந்தவை. கலந்தால் எண்ணுக்குப் பொருள் கிடையாது.

எடுத்ததும் குளிரில் வைக்க வேண்டும். புழுக்கைக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் வெளியே வந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. ஹார்மோன் சிதைபொருட்களைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலில் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஐஸ் பெட்டியில் எடுத்துவந்து மைனஸ் 20 டிகிரியில் உறைய வைப்பதே பாதுகாப்பு. மின்சாரம் இல்லாத முகாமில் ஆல்கஹாலில் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. மாதக்கணக்கில் அப்படி வைத்தால் அளவு மாறிவிடக்கூடும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா மாதிரிகளுக்கும் அதே வழி, அதே கால அளவு இருக்க வேண்டும். பாதியை உறைய வைத்து, பாதியை ஆல்கஹாலில் போட்டு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்கக் கூடாது. உறைந்ததை வெளியே எடுத்து மேசையில் மறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதும் அதே தவறுதான். உருகியவுடன் பாக்டீரியாக்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஆய்வகத்தில் சுண்டெலிக்கு வழக்கமான அளவு, காய்ந்த தூளில் 0.05 கிராம், 80 விழுக்காடு மெத்தனாலில் 1 மில்லி. ஒரே ஒரு புழுக்கைதான் கிடைத்தது என்று இதைவிட மிகக் குறைந்த எடையை அளந்தால், ஒரு கிராமுக்கான அளவு செயற்கையாக ஏறிக் காட்டும் என்பது பல இனங்களில் தெரிந்த விஷயம். கூண்டில் ஐந்து எலிகள் சேர்ந்திருந்தால் கீழே கிடப்பது ஐந்தின் கலவை. அதை ஐந்து மாதிரிகளாகப் பிரித்து அளந்துவிட்டு, ஐந்து எலிகளை அளந்தேன் என்று புள்ளியியல் போடுவதற்குக் கண்டிப்பாக மன்னிப்பே கிடையாது. தீனியில் உணவு நிறமி கலந்து யாருடைய புழுக்கை என்று பிரிக்கலாம். இல்லையென்றால் கூண்டைத்தான் ஓர் அலகாக எண்ண வேண்டும்.

முடியில் அளப்பது இப்போது பரவலாகி வருகிறது. பல வாரங்களின் கணக்கை ஒரே மாதிரியில் தரும் என்பதே அதன் கவர்ச்சி. வளர்ந்து முடிந்த முடியில் ரத்தத்திலிருந்து புதிதாக எதுவும் சேராது என்பதை மறந்துவிடுகிறார்கள். கோடையில் உதிர்ந்து முளைத்த முடியை மழைக்காலத்தில் வெட்டி அளந்தால் கிடைப்பது கோடையின் கதை. எலிகள் ஓயாமல் நக்கிக்கொள்வதால் எச்சிலும் சிறுநீரும் முடியில் படிந்திருக்கும் என்பது கூடுதல் தலைவலி.

அதிகம் என்றால் துன்பமா?

எல்லாம் சரியாகச் செய்து, அளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தபின் பலரும் தடுமாறுவது இங்கேதான். குளுக்கோகார்ட்டிகாய்டு ஆற்றலைத் திரட்டும் ஹார்மோன். இணை தேடும்போதும், ஓடும்போதும், கருவுற்றிருக்கும்போதும் அது ஏறும்.

கனடாவின் யூக்கான் பகுதியில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். மைக்கேல் ஷெரிஃப், சார்லஸ் கிரெப்ஸ், ரூடி பூன்ஸ்ட்ரா ஆகியோர் கருவுற்ற பனிக்கால முயல்களின் பட்டிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஓரிரு நிமிடம் பழக்கப்பட்ட நாயை நடத்திச் சென்றார்கள். புழுக்கையில் சிதைபொருட்கள் ஏறின. அம்முயல்கள் ஈன்ற குட்டிகள் எடையும் அளவும் குறைந்திருந்தன. அதே யூக்கானில் பென் டான்ட்சர் குழுவினர் சிவப்பு அணில்களுக்கு, சுற்றிலும் நிறைய அணில்கள் இருப்பதுபோல் எல்லைக் குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார்கள். அந்தத் தாய்களிடமும் ஹார்மோன் ஏறியது. ஆனால் அவற்றின் குட்டிகள் வேகமாக வளர்ந்தன. நெரிசலான காட்டில் வேகமாக வளரும் குட்டிக்கே இடம் கிடைக்கும். இந்த அணில் ஆய்வு 2013-இல் வெளியானது.

ஹார்மோன் இரண்டிலும் ஏறியது. முயல் தாய்க்கு நட்டம், அணில் தாய்க்கு ஆதாயம். எனவே முடிவுரையில் "விலங்குகள் அழுத்தத்தில் இருந்தன" என்று எழுதாமல், "குளுக்கோகார்ட்டிகாய்டு சிதைபொருட்கள் உயர்ந்திருந்தன" என்று எழுதுவது நல்லது. குறைந்த அளவு வந்தாலும் விலங்கு நிம்மதியாக இருந்தது என்று துள்ள வேண்டாம். நீடித்த நெருக்கடியில் சில விலங்குகளின் அட்ரீனல் வினை மந்தமாகிவிடுவதும் உண்டு. உடல் எடை, ஒட்டுண்ணிகள், குட்டிகளின் எண்ணிக்கை போன்றவற்றையும் சேர்த்துக் குறித்து வைத்திருந்தால் மட்டுமே விலங்குக்கு நேர்ந்தது நட்டமா, ஆதாயமா என்று சொல்ல முடியும். அவற்றைக் குறிக்க வேண்டிய நேரம் முதல் பொறியை வைக்கும் நாள். தரவெல்லாம் கைக்கு வந்தபிறகு அதைத் தேடிப் பயனில்லை.