ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றும்போது நடக்கும் தவறுகள்

குடற்புழுவைக் கொல்லும் பூச்சி மருந்து ஊற்றிய மறுநாளே ஆடு இருமினால், மூக்கில் சளி ஒழுகினால், பலரும் மருந்தைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு தலையைப் பிடித்த விதத்தில்தான் இருக்கும். முகத்தை வானம் பார்க்கத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து, மளமளவென்று ஊற்றினால் ஆட்டால் விழுங்க முடியாது. மருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நுரையீரலில் புண் வைத்தால் பிழைக்க வைப்பது கடினம்.

ஆட்டை நிற்க வைத்து, உடம்பைச் சுவரோரமாக அணைத்துக்கொள்ளுங்கள். தாடையை ஒரு கையால் தாங்குங்கள். மூக்கு கண்ணுக்கு மேலே போகக் கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயோரமாக அந்த இடைவெளியில் நுழைத்து, இரண்டிரண்டு மில்லியாக விடுங்கள். ஒவ்வொரு முறையும் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். அது தானாகத் தலையைத் தாழ்த்தி வெளியே தள்ளட்டும். வயிறு உப்பசத்துக்கு எண்ணெய் ஊற்றும்போது இன்னும் நிதானம் வேண்டும். எண்ணெய் தொண்டையை உறுத்தாது, இருமலே இல்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும்.

அடுத்தது அளவு. பட்டியில் எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி அளவு என்பது வேண்டவே வேண்டாம். ஆல்பெண்டசோல் 2.5 சதவீத மருந்தில் 1 மில்லிக்கு 25 மில்லிகிராம், 10 சதவீதத்தில் 100 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், 20 கிலோ ஆட்டுக்கு முதலாவதில் 8 மில்லி, இரண்டாவதில் 2 மில்லி. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். எடை பார்க்கத் தராசு இல்லையா? முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660. சுற்றளவு 28, நீளம் 26 என்றால் சுமார் 31 கிலோ.

பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுவதும் பெரிய தவறு. மருந்து அடியில் தங்கிவிடும். முதல் ஆடுகளுக்கு வெறும் தண்ணீர், கடைசி ஆடுகளுக்குக் கெட்டி மருந்து. செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது; வெள்ளாட்டின் உடல் மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். குறைந்த அளவில் தப்பிய புழுக்கள்தான் அடுத்த தலைமுறையில் மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் வேண்டாம், குட்டி ஊனமாகலாம். அப்போது எது கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புழு ரத்தத்தை உறிஞ்சிய ஆட்டின் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பாருங்கள். சிவப்புக்குப் பதில் வெளுப்பாக இருக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். அந்த ஆடு இழந்தது ரத்தமும் புரதமும். அதைத் தேற்றுகிறேன் என்று ஒரு வாளி அரிசிக் கஞ்சி வைப்பதுதான் மருந்துக்குப் பிறகு நடக்கும் மோசமான தவறு. அரிசியின் மாவுச்சத்து பெருவயிற்றில் ஒரே நாளில் புளித்து அமிலமாகிவிடும். அகத்தி, வேலிமசால், சூபாபுல், கடலைக் கொடி, கூடவே தாது உப்பு: இவைதான் தேற்றும். அடர்தீவனம் 50 கிராமில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் 200 கிராமுக்குக் கொண்டு போங்கள். முதலில் தழை, பிறகு தீவனம்.

கஞ்சி குடித்த ஆடு அசைபோடாமல் பல்லை நறநறவென்று கடித்து, புளிப்பு வாடையோடு கழிந்தால் தாமதிக்காதீர்கள். 20 கிலோ ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, மேலே சொன்னபடி மெதுவாகக் கொடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுத்துத் தலை சாய்ந்துவிட்ட ஆட்டுக்கு மட்டும் வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். அதற்கு விழுங்கும் பலம் இருக்காது. மருத்துவர் வந்து வயிறு வரை குழாய் விட்டுக் கொடுக்கட்டும்.