நடுவயதில் தொழில்நுட்பப் பணியாளர் தம் அடுத்த கட்டத்தைத் திட்டமிடுவது எப்படி?

தொழில்நுட்பத் துறையில் நாற்பத்தைந்து வயதை எட்டியவரின் வாய்ப்புகள் சுருங்குவதற்கு வயது மட்டுமே காரணமன்று. பல ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் பணியாற்றியதால், அவருடைய அறிவில் பெரும்பகுதி அந்த நிறுவனத்துக்கு வெளியே பயன்படாததாகிவிடுவதே பெரிய ஆபத்து. ஆகவே புதிய படிப்பு எதிலும் சேர்வதற்கு முன், தெரிந்தவற்றையெல்லாம் வகை பிரித்து எழுதிப் பாருங்கள். தரவுத்தள வடிவமைப்பு, வலையமைப்பு, பழுதின் மூலத்தைத் தேடும் முறை போன்ற அடிப்படைகள் ஒருபுறம். குறிப்பிட்ட நிரல் மொழிகளும் கருவிகளும் மறுபுறம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த ஒப்புதலை யாரிடம் பெறுவது என்பன போன்ற, அந்த அலுவலகத்துக்கே உரிய விவரங்கள் தனியே. இந்தக் கடைசிப் பட்டியல் மிக நீண்டிருந்தால், உடனடியாகச் செயல்பட வேண்டும்.

கருவி பழையது என்பதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. 1959இல் உருவாகத் தொடங்கிய கோபோல் என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் வங்கிகளில் இயங்குகின்றன. 1970களில் பிறந்த, தரவுத்தளத்திலிருந்து தரவைக் கேட்டுப் பெற உதவும் மொழியான எஸ்கியூஎல் இன்றைய தரவுப் பணிகளிலும் அன்றாடம் பயன்படுகிறது. எனினும், பழைய அமைப்பை இயக்க மட்டும் தெரிந்தவரைவிட, அதிலுள்ள தரவு சிதையாமல் புதிய அமைப்புக்கு மாற்றித் தரத் தெரிந்தவருக்கே வழிகள் அதிகம் திறக்கும் என்பது என் உறுதியான கருத்து.

உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனில் இரண்டு கூறுகளைக் கண்டார். முன்பின் அறியாத சிக்கலை விரைந்து அவிழ்க்கும் திறன் வயதோடு மெல்லக் குறைகிறது. சேர்த்துவைத்த அறிவைப் பயன்படுத்தும் திறனோ நடுவயதைத் தாண்டியும் நிலைக்கிறது. எனவே புதிய கருவியைப் பாடமாக மட்டும் படிக்காமல், நீங்கள் முன்பே தீர்த்த ஒரு சிக்கலை அதைக் கொண்டு மீண்டும் தீர்த்துப் பழகுங்கள். விடை தெரிந்திருப்பதால், கருவி எங்கே உதவுகிறது, எங்கே தவறுகிறது என்பது விரைவில் புலப்படும்.

வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மேலாளர் பதவியை ஏற்காதீர்கள். மனிதர்களை வழிநடத்துவதில் விருப்பமில்லாதவருக்கு அது பாதுகாப்பான இடமன்று. சில ஆண்டுகள் தொழில்நுட்ப வேலையிலிருந்து விலகிவிட்டால் திரும்புவதும் கடினம்.

தன்விவரக் குறிப்பில் கடந்த 10 முதல் 15 ஆண்டுகளை மட்டும் விரிவாக எழுதினால் போதும். 'இருபது ஆண்டு அனுபவம்' என்ற தொடர் எதையும் நிறுவுவதில்லை. எந்தப் பழுது ஏற்பட்டது, எந்த வழிகளை எடைபோட்டீர்கள், அவற்றுள் ஒன்றை ஏன் தேர்ந்தீர்கள், விளைவு என்ன என்று எழுதுங்கள். நேர்காணல் செய்பவர் உங்களைவிட இளையவராக இருக்கலாம். அவர்களுடைய வேலைமுறையைப் பற்றி அவரிடமே கேளுங்கள், அந்தக் கேள்விகளின் தரத்திலேயே உங்கள் அனுபவம் தெரியும்.

வேலை தேடும் முயற்சியைப் பணிநீக்கக் கடிதம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும் இப்போதே, பிற நிறுவனங்களுக்குச் சென்றுவிட்ட முன்னாள் சக பணியாளர்களிடம், அவர்கள் குழுவில் எந்தத் திறனுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று விசாரித்து, உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.