வேதபாட வகுப்புக்கு இணையம்: முந்தைய நாள் இரவே முடிக்க வேண்டிய வேலைகள்

மிஷன் பள்ளிகளில் வேதபாடத்துக்கோ மறைக்கல்விக்கோ வாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பீரியட்தான். வருகைப்பதிவும் ஜெபமும் போக முப்பது நிமிடம் மிஞ்சினால் அதிகம். அந்த நேரத்தில் புரொஜெக்டரை மாட்டி, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, யூடியூபில் தேடி, விளம்பரம் ஓடி முடிவதற்குள் பிள்ளைகளின் கவனம் சன்னலைத் தாண்டிப் போய்விடும். ஆகவே இணையத்தை ஆயத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறைக்குள் அதை நம்பி நிற்காதீர்கள். காட்ட வேண்டியது படமானாலும் ஒலியானாலும் காணொளியானாலும் முந்தைய நாளே இறக்கி, பென் டிரைவில் ஒன்றும் போனில் ஒன்றுமாக இரண்டு பிரதி இருக்கட்டும்.

ஒரு பாடத்துக்கு இணையத்திலிருந்து ஒரே ஒரு பொருள் போதும். முதலில் வேதபகுதியை இரண்டு முறை வாசியுங்கள். "இதில் நான் வாயால் சொல்லிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியாதது எது?" என்று கேட்டுப் பாருங்கள். அது ஓர் இடமாக இருக்கலாம், ஓர் அளவாக இருக்கலாம், பழக்கமில்லாத ஒரு பொருளாக இருக்கலாம். அதை மட்டும் தேடுங்கள். பாடத்தின் தலைப்பைப் போட்டுத் தேடினால் ஆயிரம் வரும், இரவு பத்து மணி வரை பார்த்தாலும் பாடம் ஆயத்தமாகியிருக்காது.

தேடும் சொல்லில்தான் பாதி வேலை

தமிழில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுபவர்கள் பலர் தவறுவது சொல்லில். சீர்திருத்த சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்புக்கும் 1995-இல் வெளிவந்து கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்துக்கும் சொற்கள் வெகுவாக வேறுபடும். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல், ஏசாயா எசாயா, அப்போஸ்தலர் திருத்தூதர், ஞானஸ்நானம் திருமுழுக்கு, பரிசுத்த ஆவி தூய ஆவி, கர்த்தர் ஆண்டவர். ஒரு சொல்லில் தேடினால் மறு தரப்பில் இருக்கும் நல்ல பொருள் எதுவும் கண்ணில் படாது. இந்த இணைச்சொற்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்து, எப்போதும் இரண்டு முறை தேடுங்கள்.

சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பல சபைப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பது சகஜம். திரையில் ஒரு மொழிபெயர்ப்பைக் காட்டும்போது அதன் பெயரையும் கீழே எழுதுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளுடையதில் 66. தோபித்தோ மக்கபேயரோ வரும் பயிற்சித்தாளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "எங்க பைபிள்ல இது இல்லையே டீச்சர்" என்ற கேள்வி வந்த பிறகு விளக்கத் தேடுவது நல்லதல்ல.

கைப்பேசியில் வேதாகமம் வாசிக்க யூவெர்ஷன் செயலி இலவசம். தமிழ் மொழிபெயர்ப்புகள் பல அதில் உண்டு. பெயரருகே இறக்கும் குறி உள்ளவற்றை வைஃபை இருக்கும்போது இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. பயிற்சித்தாளில் நீண்ட பகுதிகளை அச்சிடவோ பள்ளித் தளத்தில் ஏற்றவோ வேண்டுமானால் இந்திய திருத்தப்பதிப்பு (IRV) என்ற மொழிபெயர்ப்பைப் பாருங்கள். அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பகிரலாம்.

ஒரு பாடத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்: லூக்கா 10, நல்ல சமாரியன்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர் அடித்துப்போட்ட ஒருவனைக் கண்டும் ஆசாரியன் ஒதுங்கிப் போக, சமாரியன் காப்பாற்றுகிறான். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த கதை, ஆகவே யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே சொல்லி விளக்க முடியாதது அந்தச் சாலை. தமிழ் மொழிபெயர்ப்பு "எரிகோவுக்குப் போகையில்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடும். கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் என்ற இலவசத் தளத்தில் லூக்கா 10:30-ஐத் திறந்து, "போனான்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் மூலக் கிரேக்கச் சொல்லின் பொருள் தெரியும்: இறங்கிப் போனான். அந்த ஒரு சொல்தான் இன்றைய பாடம்.

இப்போது கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து இப்படிச் செய்யுங்கள்.

1. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் தேடுங்கள். வேதாகம எழுத்துக்கூட்டலில் தேடினால் பல ஊர்கள் சிக்காது, அல்லது அதே பெயருள்ள ஒரு சபைக் கட்டடத்துக்கு உங்களைக் கொண்டுபோய்விடும்.
2. எருசலேமின் பழைய நகரத்தின் மேல் சுட்டியை வைத்து, திரையின் கீழே வரும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர்.
3. எரிகோவுக்குப் போங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர். பிழை என்று நினைத்துவிடாதீர்கள், உலகின் மிகத் தாழ்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று.
4. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி சுட்டியை இழுத்துக் காட்சியைச் சாய்த்து, எருசலேமிலிருந்து கிழக்கே பார்க்கும்படி வையுங்கள். வறண்ட மலைமடிப்புகளும் பள்ளங்களும் தெரியும்.
5. நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: மேலிருந்து, சாய்வாக, நடுவழியில், எரிகோவில். ஓரத்தில் உள்ள கூகுளின் பெயரை வெட்டிவிடாதீர்கள்.

ஏறத்தாழ 27 கிலோமீட்டர் வழியில் ஆயிரம் மீட்டர் இறக்கம். சேலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு "ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு நடந்தே இறங்குவது மாதிரி, ஆனால் மரமே கிடையாது" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். கள்ளர் ஒளிந்திருக்க அது ஏன் ஏற்ற இடம் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, படத்தைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். பெரிய வகுப்பானால் இன்னொரு படி போகலாம். 31-ஆம் வசனத்தில் ஆசாரியனுக்கும் அதே "இறங்கி" என்ற சொல்தான். அவன் எருசலேமிலிருந்து வருகிறான். ஆலய ஊழியத்துக்குப் போகிறவன், தீட்டுப்படக் கூடாதென்று ஒதுங்கினான் என்று வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் இங்கே வலுவிழக்கிறது. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அப்போது படத்தை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

இதே முறை கலிலேயாக் கடலின் புயலுக்கும், இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் எபேசு துறைமுகத்துக்கும் பொருந்தும்.

அளவு, சுவடி, படம்

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் "பைபிளை மாற்றி எழுதிவிட்டார்களாமே" என்ற கேள்வி வரும். மழுப்பாமல் எடுத்துக் காட்டுங்கள். 1947-இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த, ஏசாயா நூலின் பழைய கையெழுத்துச் சுருளை இஸ்ரேல் அருங்காட்சியகம் இணையத்தில் முழுதாகப் பார்க்க வைத்திருக்கிறது. அதில் 40-ஆம் அதிகாரம் 7, 8 வசனங்கள் உள்ள இடத்தைப் பெரிதாக்கினால், விடுபட்டதைப் பின்னால் ஒருவர் வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் எழுதிச் சேர்த்திருப்பது கண்ணுக்கே தெரியும். எழுத்தர்கள் எப்படிப் பிழை விட்டார்கள், எப்படித் திருத்தினார்கள் என்பதற்கு இதைவிட நேர்மையான பாடம் கிடையாது. சுருளின் நீளம் 7.34 மீட்டர். அந்த நீளத்துக்குச் சணல் கயிறு வெட்டி, இரண்டு பிள்ளைகளை வகுப்பின் இரு முனையிலும் பிடிக்கச் சொல்லுங்கள்.

சின்ன வகுப்புகளுக்கு ஃப்ரீ பைபிள் இமேஜஸ் தளத்தில் கதைவாரியாகப் படத்தொகுப்புகள் இலவசமாக இறக்கலாம். அன்ஃபோல்டிங்வேர்ட் வெளியிட்ட 50 வேதாகமக் கதைகள் படங்களோடு தமிழிலும் உண்டு. வகுப்புக்குமுன் ஒருமுறை உரக்க வாசித்து, பிள்ளைகள் வாயில் வராத சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தொகுப்பில் முப்பது படம் இருந்தால் எட்டுக்கு மேல் காட்ட வேண்டாம்.

காணொளி ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதையும் தொடக்கம் முதல் கடைசி வரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நல்ல தலைப்போடு தொடங்கி நடுவில் வேறொரு சபையைத் திட்டும் காணொளிகள் தமிழில் நிறைய உண்டு.

எழுத்து உடைவதும் விடை தப்பாவதும்

பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் இருக்கும். வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறி (யூனிகோட்) மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். தாளாக மட்டும் இருந்தால் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் எழுத்தாக வரும். துணைக்கால் ரகரமாகியிருக்கிறதா, வசன எண்கள் சரியா என்று பாருங்கள். ஸ்லைடுகளை எப்போதும் பிடிஎஃபாகவும் சேமியுங்கள், பள்ளிக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது.

கூகுள் ஃபார்மில் வினாடிவினா வைத்தால் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியே கேளுங்கள். தட்டச்சு செய்யும் விடையானால் "இயேசு" என்பதற்கு "ஏசு" என்று எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் போட்டுவிடும்.

பெற்றோர், படம், பாட்டு

அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், சிறுவர்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சமயப் போதனையில் பங்கெடுக்க வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. வகுப்புக்கு இருக்கும் இந்த வரம்பை வாட்ஸ்அப் குழுவுக்கும் கடைப்பிடியுங்கள். வேதபாடக் குழுவில், அதற்குப் பதிலாக நன்னெறி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் எண்களைச் சேர்த்துவிடாதீர்கள். குழு பெற்றோருடையதாக இருக்கட்டும், நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி அமையுங்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகளே. பிள்ளையின் பெயர், படம், குரல் எதையும் எழுத்துச் சம்மதமில்லாமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம். ஜெபக்குறிப்பில் கூடுதல் கவனம் வேண்டும். "எட்டாம் வகுப்பு இன்னாரின் அப்பாவுக்காக ஜெபியுங்கள்" என்று அன்போடு போட்ட செய்தியால் ஒரு வீட்டுச் சங்கதி நூறு போனுக்குப் போய்விடும்.

வகுப்பில் கற்பிக்க ஒரு படைப்பைப் படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அதையே பள்ளியின் யூடியூபில் ஏற்றுவது வேறு. 1864-இல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. ஆனால் அவற்றை இன்று ஒருவர் இசையமைத்துப் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. பிள்ளைகளே பாடட்டும்.

கேள்வித்தாள் தயாரிக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் நிமிடத்தில் இருபது கேள்வி தரும். அதில் வரும் வசனத்தை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கலந்து எங்குமில்லாத ஒரு வசனத்தை, அதிகார எண்ணோடு, உறுதியாகச் சொல்லும். ஆகவே கேள்விகளை மட்டும் வாங்கிக்கொண்டு, வசனங்களை அச்சிட்ட வேதாகமத்திலிருந்து நீங்களே எழுதிச் சேருங்கள்.