சிமெண்ட் போர்டு மேல டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி பண்ணக்கூடாத தப்புங்க

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மாடியில ரூம் எடுக்குறவங்க இப்பல்லாம் வெயிட் ஏறக்கூடாதுன்னு செங்கல்லுக்கு பதிலா ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசுன இரும்புச் சட்டம்) அடிச்சு சிமெண்ட் போர்டுலயே பாத்ரூம் செவுரு தூக்குறாங்க, வசதி இருந்தா குளிக்குற ஒரு டப்பும் வெச்சிடுறாங்க. தப்பில்ல. ஆனா "சிமெண்ட் போர்டு தானே, தண்ணி பட்டா என்ன ஆயிடும்"னு நேரா டைல்ஸ ஒட்டிடுறாங்க பாருங்க, அங்கதான் வம்பு. போர்டு ஊறி உதிராது, நெசம்தான், ஆனா தண்ணிய உறிஞ்சி பின்னாடி அனுப்பிடும், டைல்ஸ் சந்துல ரொப்புற கிரவுட்டும் அதே கதைதான். பின்னாடி இருக்குறது இரும்பு. காசிமேட்டு கடல் உப்புக் காத்துக்கே ஜன்னல் கம்பி துரு ஏறுது, உள்ள ஈரமும் தங்கிச்சுன்னா கேக்கணுமா?

ஸ்க்ரூவுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூ வேணாம், துரு பிடிக்காத கோட்டிங் உள்ளது வாங்கி 8 இன்ச்சுக்கு ஒண்ணு அடிங்க.

ஜாயிண்ட்லதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடுறாங்க. பெயிண்டர் மீத்து வெச்ச பட்டிய இழுத்து மூடிட்டா ஈரத்துல அது தாங்காது. ரெண்டு போர்டுக்கு நடுவுல 3 மி.மீ. சந்து விட்டு, டைல் ஒட்டுற பசையையே அதுல அழுத்தி ரொப்பி, மேல ஃபைபர் மெஷ் டேப் வெச்சு இழுக்கணும். மூலைக்கும் அதேதான்.

அப்புறம், தண்ணி உள்ள போகாம இருக்க போர்டு மேல அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். பவுடரும் லிக்விடும் சேத்து கலக்குற டைப்புன்னா டப்பால போட்டிருக்குற அளவுதான், பிரஷ் ஓடலன்னு மேல தண்ணி ஊத்துனா போச்சு, அதுவும் இங்க உப்பு போர் தண்ணின்னா சொல்லவே வேணாம். தூசிய ஈரத்துணியால தொடச்சிட்டு மொத கோட் படுக்க, அது காஞ்சப்புறம் ரெண்டாவது நெட்டுக்க. ஐப்பசி கார்த்திகையில காய லேட்டாகும், மேஸ்திரி அவசரப்படுத்துவாரு, விடாதீங்க. ஸ்க்ரூ தலை, பைப் வெளிய வர்ற ஓட்டை எதையும் விட்டுடாதீங்க. முன்னாடி கோட்டிங் அடிச்சிட்டு போர்டுக்கு பின்னாடி பாலித்தீனும் கட்டுனா ஈரம் நடுவுல மாட்டிக்கும், ஏதாவது ஒண்ணு போதும்.

போர்டை டப் மேல உக்கார வெக்காதீங்க, 6 மி.மீ. தூக்கி நிறுத்துங்க. டைல்ஸ் போட்டப்புறம் டப்பும் டைல்ஸும் சேர்ற எடத்துல கிரவுட் வேணாம், வெடிச்சிடும், சிலிகான்தான். அக்ரிலிக் டப்புன்னா மொதல்ல தண்ணி ரொப்பிட்டு அப்புறம் சிலிகான் போடுங்க, வெயிட்டுக்கு டப் எறங்குறது அப்பவே எறங்கிடும். சிலிகான் காயுற வரைக்கும் அந்த தண்ணிய யாரும் தொறந்து விடாம பாத்துக்கோங்க.