மட்டக்களப்பில் வாடகை வீடு: கோடையில் பார்த்து மாரியில் மாட்டிக்கொள்ளாதிருக்க

மட்டக்களப்பு நகரில் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்காமல் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளைவிட ஐயாயிரம் ஆறாயிரம் குறைத்துச் சொல்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது தண்ணீர்தான். ஒன்றில் மாரியில் வளவுக்குள் நிற்கும் தண்ணீர், இல்லாவிட்டால் கோடையில் உவர்க்கும் கிணற்றுத் தண்ணீர். இரண்டையும் விட்டுவிட்டு ஹோல் எவ்வளவு பெரிது, டைல்ஸ் போட்டிருக்கிறதா என்று பார்த்து முற்பணம் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

இங்கே மழை நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. ஜூலையில் வீடு பார்க்கப் போனால் எந்த வளவும் மணல் காய்ந்து அழகாகத்தான் தெரியும். “இஞ்ச தண்ணி நிக்காது” என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மதிலைப் பாருங்கள். வெள்ளம் நின்ற மதிலில் ஒரே மட்டத்தில் கோடு இழுத்ததுபோல நிறம் மாறியிருக்கும். அதற்குக் கீழே பூச்சு பொரிந்து, தொட்டால் மாவாக உதிரும். முன்பக்கம் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் பின்மதிலுக்கும் மலகூடத்தின் வெளிச்சுவருக்கும் போங்கள். அங்கே பெயின்ற் அடிக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. வீட்டுத் தரை வீதியைவிட உயரமா என்பதும் முக்கியம். ஒழுங்கைகளுக்குக் கொங்கிரீட் போட்டு உயர்த்திய இடங்களில் பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. வீதித் தண்ணீர் அவற்றின் வளவுக்குள்தான் இறங்கும்.

பக்கத்து வீட்டில் விசாரிப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. “வெள்ளம் வருமா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு வெள்ளம் என்றால் 2011 ஜனவரியில் வந்ததுபோல வர வேண்டும். “அக்கா, மாரிக்கு வளவுக்க எத்தனை நாள் தண்ணி நிக்கும்? கக்கூஸ் வேலை செய்யுமா?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மணல் நிலத்தில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே வந்தால் மலக்குழி தானாக நிரம்பிவிடும். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலேயே மலகூடத்தைப் பாவிக்க முடியாமல் நாட்கணக்கில் தவிக்க நேரும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதையும் அப்போதே பாருங்கள். சிறிய வளவுகளில் இரண்டும் பயப்படும் அளவுக்கு நெருக்கமாக இருக்கும்.

கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இடையில் உள்ள மணலில் மழைநீர் ஊறி உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். கோடை முற்றி மோட்டரும் இடைவிடாமல் இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். மார்ச்சில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு செப்டெம்பரில் உவர்க்கலாம். குழாய் வாயிலும் கேத்தலின் அடியிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா, சவர்க்காரம் நுரைக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். நீர் வழங்கல் சபையின் குழாய் இருந்தால் அந்த மீட்டர் உங்களுக்கு மட்டுமா, டாங்கி எத்தனை லீற்றர், எத்தனை வீட்டுக்கு என்று கேளுங்கள். இரண்டு குடும்பத்துக்கு ஒரு 500 லீற்றர் டாங்கி என்றால் காலையில் சண்டைதான்.

இங்கே தொடர்மாடி குறைவு. கிடைப்பது மேல்மாடி, அனெக்ஸ், அல்லது பெரிய வீட்டின் பின்பக்கம். அதனால் கரண்ட் மீட்டர் பொதுவாக ஒன்றுதான். வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 யூனிட்டுக்குள் ஒரு கட்டணம், தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணம். நிலையான கட்டணமும் கூடும். நீங்கள் 50 யூனிட், வீட்டுக்காரர் 60 யூனிட் என்று தனித்தனியாக இருந்தால் இருவருக்கும் குறைந்த பில். ஒரே மீட்டரில் அது 110 ஆகிவிடுகிறது. அவர்கள் ஏசி போட்டால் அந்தச் சுமையிலும் உங்களுக்குப் பங்கு. தனி மீட்டர் இல்லாவிட்டால் ஒரு சப் மீட்டராவது பூட்டச் சொல்லி, பாவித்த யூனிட் விகிதப்படி மொத்தப் பில்லைப் பிரிப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். “பாதி பாதி” என்பது கேட்கத்தான் நியாயம். கடைசி இரண்டு பில்லையும் வாங்கிப் பாருங்கள். பழைய நிலுவை இருந்து லைன் வெட்டினால் இருட்டில் இருக்கப்போவது நீங்கள்தான்.

வீடு பார்க்கும் நேரம் பின்னேரம் அல்ல, பகல் இரண்டு மணி. சீலிங் இல்லாத சீற் கூரையின் கீழ் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இருப்பது எப்படி என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். கச்சான் மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று. படுக்கையறை ஜன்னல் மேற்கே இருந்தால் இரவிலும் சுவர் கொதிக்கும்.

தூரக் கணக்கிலும் ஏமாறுகிறோம். நகரில் வேலை, செங்கலடிப் பக்கம் வாடகை ஐயாயிரம் குறைவு என்று வைப்போம். போக 15, வர 15 கிலோமீற்றர். 22 வேலை நாளுக்கு 660 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 16.5 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்றாலே 4,950 போய்விட்டது. மிச்சம் 50 ரூபா.

அடுத்தது உறுதி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம். மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் சீதன வீடு. பேசுகிறவர் தகப்பன் அல்லது கணவன். உறுதி மகளின் அல்லது மனைவியின் பெயரில். அவர் சுவிசிலோ கனடாவிலோ இருந்தால், பேசுகிறவரிடம் அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. இன்னொன்றையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள்: இந்த வீடு எந்த மகளுக்கு, கல்யாணப் பேச்சு நடக்கிறதா? கல்யாணம் சரிவந்தால் மூன்றே மாதத்தில் வீட்டைக் கேட்பார்கள். கேட்பதும் பிழையில்லை, அது அந்தப் பிள்ளையின் வீடு.

முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்த தாள் போதும் என்று நம்புவது பெரிய தவறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் “ஒரு வருடத்துக்குப் பேசினோம்” என்பது செல்லாது. நொத்தாரிசுக் கூலியை யார் கொடுப்பது என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள்.

உடன்படிக்கையில் முற்பணத்தைப் பற்றித் தெளிவாக எழுத வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்கூட்டிக் கேட்கிறார்கள். அது மாதாமாதம் வாடகையில் கழியும் காசா, வெளிக்கிடும்போது திரும்பி வரும் காசா? திரும்பி வருவதென்றால் எத்தனை நாளுக்குள்? பலர் அந்தக் காசில் வீட்டைத் திருத்திவிடுகிறார்கள். அடுத்த ஆள் வரும்வரை உங்களுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது. அதனால் முடிந்தவரை கழிக்கும் முறையையே கேளுங்கள்.

வருடாந்த இடமாற்றங்கள் ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வருவதால் டிசம்பரில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வீடு தேடி அலைவார்கள். அப்போது விலை பேச இடமில்லை. பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். மாரியின் அடையாளம் மதிலில் இன்னும் காயாமல் இருக்கும், வீட்டுக்காரரும் கொஞ்சம் இறங்கி வருவார்.